செபமும் விழிமூடலும்: கிறித்தவ வழிபாட்டு மரபு பற்றிய ஒரு நோக்கு

செபவேளையிற் கண்களை மூடுதல் வேண்டும் என்பது நம் நாட்டுக் கிறித்தவரிற் பலர் சிறுபராயத்திலேயே கற்றுக்கொண்ட ஒழுங்காகும். ஞாயிற்றுப் பாடசாலை ஆசிரியர், செபத்தின் சொற்களைச் சொல்லிக்கொடுக்கு முன்னரே, கைகளைக் குவித்துக் கண்களை மூடும்படி குழந்தையைப் பணிக்கின்றார். வளர்ந்தோர் கூடும் கூட்டங்களிலும் அவ்வழைப்பே செபத்துக்கு முன்னுரையாக அமைகின்றது. நாளடைவில் இவ்வொழுங்கு பக்தியை அளக்கும் கோலாகவும் மாறிவிடுகின்றது. கண் திறந்திருப்பவன் சிந்தை சிதறியவன், விசுவாசம் குன்றியவன் என்னும் தீர்ப்பு எளிதிற் பிறக்கின்றது. (அத்தீர்ப்பை வழங்குபவரும் அவ்வேளையிற் கண் திறந்தே இருந்திருத்தல் வேண்டும் என்பது வேறு விடயம்.) எனவே, விழிமூடல் கிறித்தவ சமயம் விதித்த கடமையா, அன்றி இடையில் வந்து சேர்ந்த வழக்கமா என்பதை ஈண்டு நோக்குவோம்.

முதற்கண் விவிலியத்தை எடுத்துக்கொள்வோம். செபிப்பவர் கண்ணை மூடுதல் வேண்டும் என்னும் கட்டளை அதில் ஓரிடத்தேனும் இல்லை. செபிப்போரின் உடல்நிலையை விவிலியம் கூறாமல் விட்டதால் நேர்ந்த இன்மையன்று இது. சாலொமோன் பலிபீடத்தின் முன் நின்று கைகளை வானை நோக்கி விரித்ததையும், செப முடிவில் முழந்தாளினின்று எழுந்ததையும் அரசர் முதலாம் நூலின் எட்டாம் அதிகாரம் கூறுகின்றது. தானியேல் எருசலேமை நோக்கிய பலகணிகள் திறந்திருக்க முழந்தாளிட்டதாக அறிகின்றோம். இயேசுவைப் பொறுத்தவரை சான்று இன்னும் தெளிவானது. இலாசருவின் கல்லறை முன்னிலும், யோவான் நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்து நீண்ட செபத்தின் தொடக்கத்திலும், ஐந்து அப்பங்களைக் கையிலெடுத்த வேளையிலும் அவர் விழிகளை வானத்துக்கு ஏறெடுத்தார் என்றே நற்செய்தியாளர் எழுதுகின்றனர். ஆண்டவனின் கையை நோக்கிக் காத்திருக்கும் பணியாளின் கண், எபிரேயரின் திருப்பாடல்களிற் செபத்துக்கே உவமையாகி நிற்கின்றது.

இதற்கு மறுப்பாக, லூக்கா நற்செய்தியில் வரும் ஆயக்காரனைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அவன் தன் கண்களை வானத்துக்கு ஏறெடுக்கவும் துணியாது நின்றான். ஆயின், கண்ணை ஏறெடுத்தலே பொதுவழக்காய் இருந்தமையாலன்றோ அவன் அவ்வாறு செய்யாமை குறிப்பிடத்தக்கதாயிற்று? மேலும், அவன் கண்களைத் தாழ்த்தினான் எனக் கொள்ளலாமேயன்றி, மூடினான் எனக் கொள்ளுதற்குக் கதையில் இடமில்லை. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் செபிப்பவன் அடைக்கவேண்டியது அறையின் கதவே, கண்ணிமையன்று. கெத்செமனித் தோட்டத்திலோ நிலைமை முற்றிலும் மாறானது. விழித்திருந்து செபிக்கப் பணிக்கப்பட்ட சீடர்களின் கண்கள் தூக்கத்தாற் கனத்து மூடின. அதுவே அவர்கள்மீது சுமத்தப்பட்ட குறையாயிற்று.

ஆதித் திருச்சபையின் வழக்கமும் இத்திசையிலேயே செல்கின்றது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆபிரிக்காவிலிருந்து எழுதிய தெர்த்துல்லியன், கிறித்தவர் வானை நோக்கி, கைகளை விரித்து, தலை மூடாது செபிப்பதாகப் புறச்சமயத்தவருக்கு விளக்குகின்றார். பின்னர் செபத்தைப் பற்றியே அவர் இயற்றிய சிறுநூலில், கைகளை மிக உயர்த்தாது, முகத்தைத் துணிச்சலுடன் நிமிர்த்தாது அடக்கமாக நிற்கும்படி தம்மவருக்கு அறிவுறுத்துகின்றார். உரோமை நகரின் பிறிசில்லா நிலவறைக் கல்லறைச் சுவரில், முக்காடிட்ட பெண்ணொருத்தி கைகளை விரித்து, அகன்ற விழிகளை மேல்நோக்கி நிறுத்திச் செபிக்கும் மூன்றாம் நூற்றாண்டு ஓவியத்தை இன்றுங் காணலாம். நான்காம் நூற்றாண்டிற் கொன்சுதந்தீன் பேரரசன் செபிப்பவனைப் போன்று மேல்நோக்கிய கண்களுடன் தன் உருவைப் பொற்காசுகளிற் பொறிப்பித்ததாக யூசேபியசு எழுதுகின்றார். மேல்நோக்கிய கண் செபத்தின் அடையாளமாக யாவர்க்கும் விளங்கியிராவிடின் அக்காசுக்குப் பொருளேது?

அவ்வாறாயின் மூடிய கண் எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு ஒரிசன் என்னும் அலெக்சாந்திரிய அறிஞரிடம் ஒரு திறவுகோல் கிடைக்கின்றது. செபத்தைப் பற்றிய தமது நூலில், உடல்நிலைகள் யாவற்றிலும் கைகளை நீட்டிக் கண்களை உயர்த்தும் நிலையே சிறந்தது என்கின்றார் அவர். கால்நோயுற்றவர் அமர்ந்தும், காய்ச்சலுற்றவர் படுத்தும் செபிக்கலாம் எனவும், கப்பலிற் செல்வோர் முதலாய ஒதுங்க இயலாதோர் செபிப்பதாய்த் தோன்றாமலே செபிக்கலாம் எனவும் அங்கேயே விலக்களிக்கின்றார். இதே ஒரிசன், செல்சுசு என்னும் மெய்யியலாளருக்கு மறுப்பாகப் பிற்காலத்தில் எழுதிய நூலில், கிறித்தவன் புலன்களின் கண்ணை மூடி ஆன்மாவின் கண்ணை உயர்த்துகின்றான் என்கின்றார். பின்னைய கூற்று பிளேற்றோவின் மரபிற் பயின்றோருக்கு அவர்தம் மொழியிலேயே கூறப்பட்ட உருவகம். உடலுக்கு இட்ட விதியன்று. எனினும், இறைவனை அகத்தே தேடுபவனுக்குப் புறக்கண் இடையூறு என்னும் எண்ணம் அதனுள் விதையாய்க் கிடந்தது என்பது எமது கருத்தாகும்.

பதினாறாம் நூற்றாண்டின் இசுப்பானியாவில் அவ்விதை முளைத்து வளர்ந்திருத்தலைக் காண்கின்றோம். அவிலா நகரத்துத் தெரேசா, உள்ளத்தை ஒருமுகப்படுத்தும் செபத்திற் பழகியோர் பெரும்பாலும் கண்களை மூடியே செபிப்பதாக எழுதினார். 1548ஆம் ஆண்டு அச்சேறிய லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சி நூல், ஒரு செபமுறையை விளக்குமிடத்து, கண்களை மூடியேனும் ஓரிடத்தில் நிலைநிறுத்தியேனும், அங்குமிங்கும் அலையவிடாது செபிக்கும்படி கூறுகின்றது. ‘ஏனும்’ என்னும் இடைச்சொல் இங்கு ஊன்றி நோக்கற்பாலது. கேட்கப்படுவது அலையாமையே; மூடுதல் அதற்கான இரு வழிகளுள் ஒன்று. அந்நூலே பாவத்தைச் சிந்திக்கும் முதல் வாரத்திற் கதவையும் யன்னலையும் அடைத்து ஒளியைத் தவிர்க்கும்படியும், உயிர்ப்பைச் சிந்திக்கும் நான்காம் வாரத்தில் ஒளியைப் பயன்படுத்திக்கொள்ளும்படியும் பணிக்கின்றது. சிந்திக்கும் பொருளுக்கேற்ப உடல்நிலையும் மாறலாம் என்னும் இத்தெளிவு பிற்காலத்தவரிடம் அரிதாயிற்று.

தனிச்செபத்தில் இவ்வாறாக, பொதுவழிபாட்டிற் காணுதலின் இடம் சற்றும் குறைந்திலது. கீழைத் திருச்சபைகளில் திருவுருவின் முன் நிற்பவர் அதனைப் பார்த்தே செபிக்கின்றார்; 787ஆம் ஆண்டின் இரண்டாம் நீசேயாச் சங்கம் உருவ வணக்கத்தை உறுதிசெய்தது. மேற்கில், பதின்மூன்றாம் நூற்றாண்டளவில், பூசையில் எழுந்தேற்றப்படும் அப்பத்தைக் காண்பதே மக்களுக்குப் பெரும் பக்தியாயிற்று. பத்தாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர், அவ்வேளையில் தலைகுனிந்தே இருந்துவிடாது அப்பத்தை நோக்கி விசுவாசத்தை அறிக்கையிடுவோர்க்கு 1907இல் ஞானப்பலன் வழங்கினார்.

புரட்டஸ்தாந்து மரபில் நூலுக்கும் கண்ணுக்குமுள்ள உறவு கருதற்பாலது. 1549இல் வெளிவந்த இங்கிலாந்துத் திருச்சபைச் செபநூலைக் கையில் வைத்திருப்பவர் அதனை வாசிக்கக் கண் திறந்திருத்தல் வேண்டும். எழுதப்பட்ட செபத்தை ஒதுக்கி, உள்ளத்திலிருந்து எழும் சொற்களால் செபித்த தூய்மைவாதிகளுக்கு நூலுமில்லை. கோயிற் சுவரில் உருவமுமில்லை. செபவேளையில் அவர்தம் கண்ணுக்கு வேலையே இல்லாதொழிந்தது. வேலையற்ற கண் அலையும். அலையுங் கண்ணை மூடுதல் இயல்பு. 1780இல் குளொஸ்டர் நகரில் றொபேட் றெயிக்ஸ் தொடங்கிய ஞாயிற்றுப் பாடசாலை போன்ற முயற்சிகள் பெருகிச் சிறுவர் கூட்டங் கூட்டமாகக் கற்பிக்கப்பட்டபோது, இவ்வியல்பு ஒழுங்காக இறுகியதென்று கொள்ளுதல் பொருத்தமுடைத்து. யாழ்ப்பாணத்துக்கு 1816இல் வந்து சேர்ந்த அமெரிக்க மிசனரிமார் தூய்மைவாதிகளின் வழிவந்தோர் என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. அவர்கள் வந்த மண்ணோ இருவகை வழக்கையும் ஏலவே அறிந்திருந்தது. தீபாராதனையிற் கண்ணாரக் காணும் சைவனே, தியானத்தில் அமரும்போது கண்ணை மூடுகின்றான்.

இனி, பயன் நோக்கிச் சிறிது கூறுவோம். விழிமூடல் பலருக்கு உதவுகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. சந்தடி மிக்க இடத்தில் அது கையோடு கொண்டுசெல்லும் ஓர் அறை போன்றது. எனினும் அது யாவர்க்கும் ஒரே பயனைத் தருவதன்று. 2009இல் முடிவுற்ற போரைக் கண்டவர் நம்மிடையே பலர் உளர். கண்ணை மூடியவுடன் கண்டவை திரும்ப வந்து நிற்கும் ஒருவருக்கு, எரியும் மெழுகுதிரியையோ சிலுவையையோ பார்த்துக்கொண்டு செபித்தலே கூடுவதாயிருக்கும். அவரைக் கண்ணை மூடுமாறு வற்புறுத்துவது செபத்தினின்றும் அவரை விரட்டுவதாகவே முடியும். மன்னன் அர்த்தசஷ்டாவின் முன் திராட்சை இரசம் பரிமாறிநின்ற நெகேமியா, மன்னனின் கேள்விக்கும் தன் விடைக்கும் இடைப்பட்ட கணத்திற் செபித்தான். அங்கே அவன் கண்ணை மூடிநின்றிருத்தல் அரிது. தமஸ்கு வழியிற் பார்வையிழந்த சவுலோ, கண் திறந்திருந்தும் ஒன்றுங் காணாதவனாய் மூன்று நாள் இருந்து செபித்தான்.

செவிப்புலனற்றோரின் வழிபாடு இவ்வினாவை இன்னுங் கூர்மையாக்குகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டிற் பாரிசு நகரில் டி லெப்பே என்னும் குருவானவர், செவிப்புலனற்ற சகோதரியர் இருவருக்குச் சமயம் போதிக்க முற்பட்டு, சைகைமொழிவழிக் கல்விக்கு வித்திட்டார். நம் நாட்டிலும் கிறித்தவ மிசன் பணியின் பயனாக இரத்மலானையிற் செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமான பாடசாலை 1912இல் தோன்றியது. சைகையாற் செபிக்கும் சபையில் செபம் கையிலிருந்து கண்ணுக்குச் செல்கின்றது. அங்கு முன்னின்று செபிப்பவரின் கைகளை ஏனையோர் இமையாது நோக்குகின்றனர். நோக்கினாலன்றி எவ்விடத்தில் ஆமென் சொல்வது என அவர்கள் அறியார்.