மேப்பில் பச்சை, மேலே மஞ்சள்: ட்ரோன் பறக்கவிடும் முன் ஐந்து விஷயம்

எங்க டீம் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு 1.8 கிலோவில் ஒரு குவாட்காப்டர் பண்ணினோம். ஒரகடம் காத்துலயும் காலேஜ் கிரவுண்டில் நல்லாவே பறந்துச்சு. அடுத்தது செம்பரம்பாக்கம் ஏரியை மேப் பண்ணலாம்னு பிளான். லேப்டாப்பில் மிஷன் பிளானர் ஓடும். ட்ரோன் போற இடமெல்லாம் மேப்பில் ஐகான் நகரும். கோட்டைத் தாண்டாம பார்த்துக்கிட்டா போதும்னு நினைச்சோம். முந்தின ராத்திரி ட்ரோன் விதிகள் 2021-ஐப் படிச்சப்போதான் எங்கெல்லாம் மாட்ட இருந்தோம்னு புரிஞ்சுது.

1. மேப் தட்டை, வானம் அப்படி இல்லை. டிஜிட்டல் ஸ்கை மேப்பில் பச்சை மண்டலம்னா பொதுவா 400 அடி (120 மீட்டர்) வரை அனுமதி வேண்டாம். ஆனால் விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் பச்சை 200 அடியோடு (60 மீட்டர்) முடிஞ்சிடும். அதுக்கு மேலே மஞ்சள். ஏடிசி அனுமதி கட்டாயம். ஸ்ரீபெரும்புதூர் மீனம்பாக்கத்திலிருந்து தள்ளி இருக்கு. ஏரியோ ரெண்டுக்கும் நடுவில்!

2. ஃபென்ஸ் இருக்குன்னு நம்பாதீங்க. ஆர்டுபைலட்டில் உயர ஃபென்ஸின் டீஃபால்ட் 100 மீட்டர். அதை அப்படியே விட்டா, 60 மீட்டர் எல்லையைத் தாண்டி இன்னும் 40 மீட்டர் ஏறின பிறகுதான் தடுக்கும். நாங்க 50 ஆக மாத்தினோம். பக்கவாட்டிலும் காத்து, ஜிபிஎஸ் பிழைக்காக எல்லைக்கு உள்ளே தள்ளியே ஃபென்ஸ் வரையுங்க.

3. திரையில் தெரியும் உயரம் கிளம்பின இடத்திலிருந்து கணக்கு. ஏரிக்கரை மேல நின்னு கிளப்பினா, கீழே தரைக்கு மேல் உண்மையான உயரம் அதைவிட அதிகம்.

4. நேத்து எடுத்த ஸ்கிரீன்ஷாட் இன்னிக்கு செல்லாது. தற்காலிக சிவப்பு மண்டலம் 96 மணி நேரம் வரை அறிவிக்கலாம். கிளம்புற அன்னிக்கே மேப்பைத் திறந்து பாருங்க.

5. ஒருத்தர் திரையைப் பார்க்கணும், இன்னொருத்தர் வானத்தைப் பார்க்கணும். தாழ்வா வர்ற ஹெலிகாப்டர் உங்க மேப்பில் தெரியாது.

எங்களைக் கடைசியில் நிறுத்தினது இது எதுவும் இல்லை. ஆராய்ச்சிக்காகக் கல்வி நிறுவனங்களுக்கு பதிவு எண், பைலட் சான்றிதழ் எல்லாத்திலிருந்தும் விலக்கு உண்டு. ஆனால் பச்சை மண்டலத்தில், சொந்த வளாகத்திலோ தன் கட்டுப்பாட்டில் உள்ள திறந்தவெளியிலோ பறந்தால் மட்டும்தான். ஏரி நம்ம கேம்பஸ் இல்லையே!

விதியை மீறினா அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம். அதைவிடப் பெரிசு வேற இருக்கு. 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தெரிஞ்சதா வந்த தகவலுக்கே ஒரு நாளுக்கு மேல் ஓடுபாதையை மூடினாங்க. சுமார் 1,40,000 பயணிகள் தவிச்சாங்க.

ஏரி பிளானைக் கைவிட்டுட்டு கேம்பஸ் மழைநீர்க் குளத்தை மேப் பண்ணினோம். சின்னக் குளம்தான், ஆனா டேட்டா சுத்தமா வந்துச்சு. ரிவ்யூவில் "அனுமதி வாங்கினீங்களா?"ன்னு கேட்டப்போ, பதில் சொல்லத் தயங்கவும் வேண்டியிருக்கலை.