திகதி, நேரச் சரங்களைப் பகுத்தலும் வடிவமைத்தலும்

மாணவர்களே, 03/04/2006 என்பது எந்த நாள்? ஏப்ரல் 3 என்பீர்கள். ஐக்கிய அமெரிக்காவில் உள்ள ஒருவர் அதனை மார்ச் 4 என வாசிப்பார். எழுதியவர் எந்த நாட்டவர் என்பதைக் கணினி அறியாது. ஒருவரது பிறந்த திகதி இவ்வாறு மாறிப் பதியப்பட்டால் அப்பிழை அவரது சான்றிதழ் வரை செல்லும். இக்குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக ஐ.எஸ்.ஓ. 8601 எனும் சர்வதேச நியமம் 1988 இல் வெளியிடப்பட்டது.

நியம வடிவம்

2006-04-15 00:15:00+06:00

ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், செக்கன் எனப் பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்கு எழுதப்படும். இறுதியில் உள்ளது யூ.ரி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்திலிருந்தான வித்தியாசம் ஆகும். நியமத்தின்படி திகதிக்கும் நேரத்திற்கும் இடையில் ‘ரீ’ என்ற ஆங்கில எழுத்து இடப்படும். தரவுத்தளங்கள் பலவற்றில் உள்ளதுபோல் இங்கு இடைவெளி இடப்பட்டுள்ளது.

பகுத்தல்

சரத்தைப் பிரித்து எண் பெறுமானங்களாக்குதல் பகுத்தல் ஆகும்.

1. சரத்தின் நீளம் 25 தானா எனப் பார்க்க.
2. 1–4 ஆம் இடங்களிலிருந்து ஆண்டையும், 6–7 இலிருந்து மாதத்தையும், 9–10 இலிருந்து நாளையும் பெறுக. 12–13, 15–16, 18–19 ஆம் இடங்கள் முறையே மணி, நிமிடம், செக்கன் ஆகும். 20–25 நேர வித்தியாசமாகும்.
3. அவற்றை நிறைவெண்களாக மாற்றுக.
4. வலிதானவையா எனச் சோதிக்க. 2006-02-29 வடிவத்தில் சரி. ஆனால் 2006 நெட்டாண்டு அன்று. எனவே அது நிராகரிக்கப்பட வேண்டும்.

வடிவமைத்தல்

எண்களை மீண்டும் சரமாக்குதல் வடிவமைத்தல் ஆகும். மாதம் 4 எனின் “04” என எழுதுக. பூச்சியத்தை விட்டால், எழுத்து வரிசைப்படி 2006-10-01 ஆனது 2006-4-01 இற்கு முன்னால் வந்துவிடும். அதாவது ஒக்டோபர் ஏப்ரலை முந்திவிடும்.

நேர வித்தியாசம் ஏன் அவசியம்?

1996 ஒக்டோபர் முதல் இலங்கை நேரம் +06:00 ஆக இருந்தது. 2006 ஏப்ரல் 15 ஆம் திகதி நள்ளிரவு கடந்து 00:30 ஆனபோது கடிகாரங்கள் 00:00 இற்குப் பின்தள்ளப்பட்டு, நேரம் +05:30 ஆயிற்று. எனவே அன்றிரவு 00:15 இரு தடவைகள் வந்தது. உள்ளூர் நேரத்திலிருந்து வித்தியாசத்தைக் கழித்து உலகப் பொது நேரத்தைக் காண்போம்.

00:15:00+06:00 → ஏப்ரல் 14, 18:15
00:15:00+05:30 → ஏப்ரல் 14, 18:45

அவ்விரவில் 00:15 இற்கு இரு குழந்தைகள் பிறந்திருந்தால், மூத்தவர் யார் என்பதை இறுதி ஆறு குறிகளே கூறும்.

கவனிக்க: சரங்களை அப்படியே ஒப்பிட்டு வரிசைப்படுத்தலாம், ஆனால் எல்லாவற்றினதும் நேர வித்தியாசம் ஒன்றாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் முதலில் உலகப் பொது நேரத்திற்கு மாற்றுக.

பயிற்சி: 2024-03-01 02:00:00+05:30 எனும் சரத்திற்குரிய உலகப் பொது நேரம் யாது?

விடை: 2024-02-29 20:30. 2024 நெட்டாண்டு என்பதை மறந்தவர்கள் பெப்ரவரி 28 என எழுதியிருப்பீர்கள்.