ஆச்சி சொன்ன மாசம்

"இது எந்த மாசம்?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார். எங்கள் மாடி வீட்டு ஆச்சி யோசிக்கவே இல்லை. "ஆடி. பதினெட்டுகூட முடிஞ்சு போச்சே" என்றார். துணைக்குப் போயிருந்த நான் விளக்குவதற்குள் தாளில் சுழியம் விழுந்துவிட்டது. டாக்டர் எதிர்பார்த்தது ஆகஸ்டு. அடுத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். கல்யாணமாகி தாராவிக்கு வந்து நாற்பது வருஷம் முறுக்குச் சுட்டு விற்றவர். 'மறதி நோயின் தொடக்கம்' என்று சீட்டு வந்தது.

சில மாதம் கழித்து, வேறொரு இடத்தில், தமிழ் தெரிந்த ஓர் இளம் உளவியலாளர் நிதானமாகச் சோதித்தார். நோய் இல்லை, இடது காது மந்தம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில மாதமும் வீட்டுச் சாவியைக்கூட ஆச்சி கையில் யாரும் கொடுக்கவில்லை.

டாக்டரை நான் குறை சொல்லவில்லை. உலகெங்கும் பயன்படும் அந்தக் கேள்வித்தாள் 1975-இல் அமெரிக்காவில் உருவானது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை மனதில் வைத்தது. ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் ஆய்வு செய்த மேரி கங்குலி குழுவினர் 1995-இல் அதை இந்திக்கு மாற்றினார்கள். வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. 'கண்ணை மூடு' என்று எழுதிக் காட்டுவதற்குப் பதில், 'நான் செய்வதைப் போலச் செய்யுங்கள்' என்று சோதிப்பவரே கண்ணை மூடிக் காட்டுவார். வாக்கியம் எழுதுவதற்குப் பதில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்பார். அந்தக் கிராமத்து ஜனங்களை அறிந்தவர்களுக்குத்தான் இது தோன்றும்.

1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் தங்கள் குழுவுக்கு '10/66' என்று பெயர் வைத்தார்கள். டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில். ஆய்வுகளில் அவர்களைப் பற்றியவை 10 சதவீதம்கூட இல்லை என்பது பொருள். அந்தக் குழு சென்னையிலும் வேலூரிலும் கள ஆய்வு நடத்தியது. ஆகவே தமிழில் வேலை நடக்காமல் இல்லை.

ஆனால் நம் மும்பைத் தமிழ்? கைக்கடிகாரத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் "கடி" என்பார்கள். சென்னைக்காரர் ஜோக்கென்று நினைப்பார்! தமிழ்ச் சொல்லை மறந்ததால் இந்தி வந்ததா, ஐம்பது வருஷப் பழக்கமா? இதைப் பிரித்தறிய தாராவியிலோ செம்பூரிலோ வளர்ந்த காது வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருஷம் தாமதமாக வந்திருந்தது, எழுத்தறியாதவர்களிடமும் அப்படியே. தமிழ், இந்தி, மராத்தி மூன்றையும் சந்தையிலேயே கற்ற நம் ஆச்சிமார்களை யார் ஆராய்வது?

நம் பிள்ளைகள்தான் செய்யவேண்டும். எம்.பி.பி.எஸ். கிடைத்தால்தான் என்பதில்லை. உளவியல், பேச்சு-கேட்புப் பயிற்சி, சமூகப்பணி, புள்ளியியல் எல்லாம் இந்தத் துறைக்கு வழிதான். வாஷியிலிருந்து ஹார்பர் லைனில் இரண்டாவது ஸ்டேஷன் கோவண்டி. அதை ஒட்டிய தேவ்னாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் அங்கேதான். 45 வயதைத் தாண்டிய 72,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களைப் பற்றிய முதுமைக் கணக்கெடுப்பை முன்நின்று நடத்தியது இந்த இரண்டாவது நிறுவனமே. அதன் கிளை ஆய்வு ஒன்றுதான் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று 2023-இல் மதிப்பிட்டது. பாந்த்ராவில் அலி யாவர் ஜங் நிறுவனம் பேச்சு-கேட்புத் துறையில் பட்டம் தருகிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் பெங்களூர் நிம்ஹான்ஸ்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பி.எச்டி. வரை போனால் பத்து வருஷம் ஆகும். ஐ.டி.க்குப் போன தம்பி அதற்குள் கார்கரில் ஃபிளாட் வாங்கிவிடுவான். தாராவியில் ஒற்றை அறையில் படித்து வரும் முதல் பட்டதாரிப் பெண்ணால் அத்தனை வருஷம் தாக்குப்பிடிக்க முடியுமா? நம் சங்கங்கள் தரும் கல்வி உதவி பெரும்பாலும் பிளஸ் டூ மார்க்கைப் பார்த்து ஒரே தடவை தருவது. வருஷத்துக்கு இருபது பேருக்குப் பொன்னாடையும் காசோலையும் கொடுப்பதில் கொஞ்சம் குறைத்து, ஒரே ஒரு பிள்ளைக்காவது அந்தப் பத்து வருஷமும் மாதாமாதம் கொடுத்துப் பார்க்கலாமே.