மூளையில் ஒரு புள்ளி: எம்ஆர்ஐ எதைக் காட்டுகிறது?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன் இருப்பவருக்குத் திடீரென வலிப்பு வந்தால், வீட்டார் வேலூருக்குத்தான் பஸ் ஏறுவார்கள். ஸ்கேனில் மூளைக்குள் மிளகளவு புள்ளி ஒன்று தெரிகிறது. அது கட்டியா, காசநோயா, புழுவா? பதிலைப் பொறுத்து மருந்தே மாறும்.

ஒருகாலத்தில் இந்தியாவில் இத்தகைய புள்ளிகளைக் காசநோய் என்றே கருதி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் உள்ளிட்ட மருத்துவர்கள் அவற்றை அறுவை செய்து எடுத்துச் சோதித்தபோது, பலவற்றில் இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவம். 1989இல் லான்செட் இதழில் அதை வெளியிட்டார்கள். உலகம் கவனித்த வேலை அது. அவர்கள் பார்த்தவை சிடி ஸ்கேன் புள்ளிகள். எம்ஆர்ஐ அதைவிட நுணுக்கமாகக் காட்டுகிறது.

எப்படி? நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம். 1.5 டெஸ்லா இயந்திரத்தின் காந்தப்புலம் பூமியினுடையதைப்போல் 30,000 மடங்குக்கும் மேல். அதற்குள் படுத்ததும் அணுக்கருக்களில் ஒரு சிறு பங்கு கூடுதலாகப் புலத்தின் திசையில் சாய்கிறது. 64 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ரேடியோ அலை அவற்றைத் திருப்புகிறது. அலை நின்றதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது அவை சிக்னல் தருகின்றன. கொழுப்பு, நீர், வீக்கம் ஒவ்வொன்றும் திரும்ப எடுக்கும் நேரம் வேறு. அந்த வேறுபாடுதான் படம். எக்ஸ்ரே கதிர் துளியும் கிடையாது. கேட்கும் தடதடப்பு, மின்சாரம் மாறி மாறிப் பாயும் கம்பிச்சுருள்கள் அதிர்வதால் வருவது, பயப்பட வேண்டியதில்லை.

இந்தப் படத்தில், புழுவைச் சுற்றியுள்ள நீர்ப்பைக்குள் அதன் தலை சின்னப் பொட்டாகத் தெரிந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. புழு செத்துச் சுருங்கிய பிறகு அவ்வளவு எளிதல்ல. காசநோய்க் கட்டியும் அதே சாயலில் இருக்கும். அப்போது அறிகுறி, ரத்தப் பரிசோதனை, சில மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேன் எல்லாம் சேர்ந்துதான் முடிவு.

இயந்திரம் ஓடாதபோதும் காந்தம் விழித்தேதான் இருக்கும். 2018இல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் போன ஒருவர் உயிரிழந்தார். மெட்டி, ஊக்கு, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேஸ்மேக்கரோ, கண்ணில் எப்போதாவது பட்ட இரும்புத் துகளோ இருந்தால் கேட்குமுன்பே சொல்லுங்கள். பழைய ஸ்கேன் படங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புள்ளி சுருங்குகிறதா என்று ஒப்பிட மருத்துவருக்கு அவை வேண்டும்.