மோதிரத்தை அழித்தது யார்?

நூலாகப் படித்து நெஞ்சில் பதித்துக்கொண்ட கதை வெள்ளித்திரைக்கு வருகிறதென்றால், இரசிகரிடையே வழக்கு எழாமல் இருப்பதில்லை. “இந்த வேடத்துக்கு இவரா?” என்பர் சிலர். “கதையை ஏன் மாற்றினார்கள்?” என்பர் வேறு சிலர். ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்னும் புதினத்தின் அன்பர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் வழக்கு, நம் குடும்பங்களும் செவிமடுக்கத் தக்கது.

டோல்கீன் 1904-ல் தம் தாயை இழந்து, பர்மிங்காம் நகரக் கத்தோலிக்கக் குரு பிரான்சிஸ் மார்கனின் பாதுகாப்பில் வளர்ந்தவர். இறுதிவரை விசுவாசத்தில் நிலைத்தவர். இப்புதினம் 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அடிப்படையில் இது கத்தோலிக்கப் படைப்பே என்று இயேசு சபை நண்பர் ஒருவருக்கு அவரே எழுதினார். உலகை அடிமைப்படுத்த வல்ல தீய மோதிரத்தை, ஃபிரோடோ என்னும் எளியவன் எரிமலையில் எறிந்து அழிக்கப் புறப்படுவதே கதை.

நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சன் இதனை 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக வெளியிட்டார். அரகார்ன் வேடத்துக்கு அமர்த்தப்பட்ட ஸ்டூவர்ட் டௌன்செண்ட், படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டு, விகோ மார்ட்டென்சன் வந்தார். இன்று வேறொருவரை அவ்வேடத்தில் எண்ணிப் பார்க்கவும் இரசிகர் பலர் இசையார். நடிகர் தேர்வு பற்றிய சினம் இவ்வாறு காலத்தால் ஆறிவிடுகிறது. ஆனால், 1937-ல் வந்த ‘ஹாபிட்’ என்னும் ஒரே நூலை 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக நீட்டியதை அன்பர் பலர் இன்னும் மன்னிக்கவில்லை.

இவற்றினும் ஆழமானது, கதையின் முடிவு பற்றிய வழக்கு. எரிமலையின் விளிம்பில் ஃபிரோடோ தோற்கிறான். மோதிரம் தனக்கே உரியது என்கிறான். அதனை இழந்து ஏங்கி அலையும் கோல்லம் என்னும் இழிந்தவன் பாய்ந்து, அவன் விரலோடு மோதிரத்தைக் கடித்தெடுக்கிறான். நூலில், களிப்பில் கூத்தாடும் கோல்லம் தானே கால் தவறி நெருப்பில் விழுகிறான். படத்திலோ, ஃபிரோடோ எழுந்து அவனோடு போராட, இருவரும் விளிம்பினின்று சரிகின்றனர், ஃபிரோடோ தப்புகிறான்.

நாயகன் வாளாவிருத்தல் திரைக்குப் பொருந்தாது என்று ஒரு சாரார் வாதிடுவர். அதிலும் நியாயம் உண்டு. ஆயினும் நூலாசிரியர் காட்ட விழைந்தது வேறு. கோல்லத்தைக் கொல்ல வாய்ப்பிருந்தும், முன்பு பில்போவும் பின்பு ஃபிரோடோவும் இரக்கங்கொண்டு விட்டுவிட்டனர். மனித வலிமை முற்றும் தோற்ற வேளையில், அந்த இரக்கமே உலகைக் காத்தது. நூலின்படி அது நிகழ்ந்த நாள் மார்ச் 25; கபிரியேல் தூதர் மரியன்னைக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள்!

கோல்லத்தைப் பற்றிய புதிய படமொன்று 2024 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. முன்பு அவ்வேடம் ஏற்ற ஆண்டி செர்கிஸ் அதன் இயக்குநர் என்றதும், யார் யார் நடிப்பர் என்ற பேச்சு மீண்டும் எழுந்தது. பெற்றோரே, உங்கள் பிள்ளைகளும் இவ்வாறு பேசுவராயின் கடிந்துகொள்ளாதீர்கள். நூலை வாங்கிக் கொடுங்கள். படித்து முடித்தபின், “மோதிரத்தை அழித்தது யார்?” என்று கேளுங்கள். “இரக்கம்” என்று ஒரு பிள்ளை விடை கூறுமாயின், அவ்வீட்டில் மறைக்கல்வி வகுப்பு ஒன்று நடந்தேறிவிட்டது.