கண்ணிமையும் கத்தியும்

வயது ஏற ஏற மேலிமைத் தோல் தளர்ந்து மடிவதும், கீழிமை பைபோல் உப்புவதும் இயற்கையே. அவற்றை அறுத்துச் சீராக்கும் சிகிச்சை, நம்மவர் குடியேறி வாழும் பெருநகரங்களில் இன்று எளிதாகக் கிடைக்கிறது. பிளெபரோபிளாஸ்டி என்பது அதன் பெயர். 1818-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ரண வைத்தியர் வான் கிராஃபே இப்பெயரை வழங்கியபோது, புற்றுநோயை வெட்டியெடுத்ததால் சிதைந்த இமையைச் செப்பனிடுவதையே குறித்தார். அழகுக்காகச் செய்துகொள்வது பின்னர் வந்த வழக்கம். விளம்பரங்களோ இதனை முடி திருத்துவதுபோல் அற்ப காரியமாகக் காட்டுகின்றன. நாம் அதை ஏற்பதற்கில்லை.

இமை ஏன் தாழ்ந்தது என்பதையே முதலில் அறிதல் வேண்டும். தோல் மிகுந்து தாழ்வது ஒன்று. இமையைத் தூக்கும் தசை வலுவிழந்து தாழ்வது வேறொன்று. பின்னதற்குத் தோலை மட்டும் வெட்டுவதால் பயனில்லை. தசையைச் சீராக்கும் அறுவையே தேவைப்படும். காலையில் நன்றாயிருந்த இமை மாலையில் தாழுமாயின், மயஸ்தீனியா என்னும் தசைச் சோர்வு நோயோ என ஆராய வேண்டும். திடீரென ஒரு பக்க இமை தாழ்ந்து, தலைவலியும் இரட்டைப் பார்வையும் சேருமாயின், அழகைப் பற்றிய பேச்சே வேண்டாம். அக்கணமே ஆஸ்பத்திரிக்கு விரைக. வேற்றுமொழி வைத்தியரிடம் "கண் சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வோர் நம்மில் பலர். எப்போது தொடங்கியது, எந்நேரத்தில் மிகுகிறது என்பவற்றை எழுதிக்கொண்டு, அவ்வூர்ப் பள்ளியில் படித்த பிள்ளையை உடன் அழைத்துச் செல்லலாம். பழைய புகைப்படம் ஒன்றும் உதவும்.

கண் வறட்சி, தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மறைத்தலாகாது. வறண்ட கண் இச்சிகிச்சையால் மேலும் வறளக்கூடும். தோலை அளவு மீறி எடுத்துவிட்டால் இமை முழுதும் மூடாது. கருவிழி உலர்ந்து புண்ணாகும். எடுத்ததைத் திரும்ப வைத்தல் எளிதன்று. எனவே, எவ்வளவு எடுப்பார் என்பதை விட எவ்வளவு விட்டுவைப்பார் என்றே வைத்தியரைக் கேட்க வேண்டும். ஆஸ்பிரின் முதலிய, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மருந்துகளைத் தாமே நிறுத்துவதும் ஆபத்து. அவற்றைக் கொடுத்த வைத்தியரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஊரிலிருந்து வரவழைத்து உண்ணும் லேகியத்தையுங்கூடச் சொல்லிவிடுவது நலம்.

அழகுக்காக மட்டும் செய்வதற்கு மருத்துவக் காப்பீடு பணம் தருவதில்லை. இமை பார்வையை மறைப்பதால் செய்வதாயின், பார்வைப் பரப்புச் சோதனையின் முடிவுடன் முன்னதாகவே எழுதிக் கேட்கலாம்.

பெரும்பாலும் இமையை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவர். தையல் ஒரு வாரத்தில் பிரிக்கப்படும். வீக்கமும் கன்றலும் இரண்டு வாரம் வரை இருக்கும். முதல் இரவே முக்கியமானது. கடும் வலியோடு விழி பிதுங்கிப் பார்வை மங்கினால், கண்ணுக்குப் பின்னே இரத்தம் கசிகிறது என்று ஐயுற வேண்டும். இது மிக அரிதாயினும், தாமதித்தால் பார்வையே போய்விடக்கூடும். உற்றார் அருகில்லாத நம் குடும்பங்கள், அன்றிரவு விழித்திருக்க ஒருவரையும், இரவில் அழைப்பதற்கு ஆஸ்பத்திரித் தொலைபேசி எண்ணையும் முன்னரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.