ரப்பர் மரத்துக்குள்ள புது ஜீன் எப்படிப் போகுது?

திருவட்டாறு, குலசேகரம் பக்கம் பைக்கில் போனால் ரோட்டோரம் எங்கும் ரப்பர் தோட்டம்தான். நர்சரியில் வாங்கி நட்ட ஒட்டுக்கன்றுகள். 'அப்போ இதுவும் ஜீன் மாத்தினதுதானே?' என்று சிலர் கேட்பதுண்டு. இல்லவே இல்லை! ஒட்டு கட்டும்போது நல்ல மரத்தின் மொட்டை வேறொரு கன்றில் பொருத்துகிறோம், அவ்வளவுதான். மரபணுப் பொறியியலில் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.விலேயே கை வைக்கிறார்கள். அதுக்கு முக்கியமா மூணு வழி இருக்கு.

1. பாக்டீரியா கூரியர்

அக்ரோபாக்டீரியம் ஒரு மண் பாக்டீரியா. தன் டி.என்.ஏ.வில் ஒரு துண்டைச் செடிக்குள் செலுத்தி, கழலை வரவைப்பது அதன் வேலை. கழலை உண்டாக்கும் ஜீன்களை நீக்கிவிட்டு, நமக்கு வேண்டிய ஜீனை வைத்தால், அதைக் கொண்டுபோய் டெலிவரி பண்ணிடும்!

கோட்டயத்தில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இந்த வழியில்தான் ரப்பரின் ஜீனை மாற்றியது. ரப்பர் மரத்திலிருந்தே எடுத்த, வறட்சி, குளிர் போன்ற நெருக்கடியில் செல்களைக் காக்கும் ஜீன் அது. அந்தக் கன்றுகளை 2021 ஜூனில் அஸ்ஸாமின் குவாஹாட்டி அருகே சோதனைக்காக நட்டார்கள். அங்கே குளிர்காலத்தில் ரப்பரின் வளர்ச்சி நின்றுவிடும் என்பதுதான் பிரச்னை.

2. ஜீன் துப்பாக்கி

தங்கம் அல்லது டங்ஸ்டன் துகள்களில் டி.என்.ஏ.வைப் பூசி, செல்களை நோக்கிச் சுடுவார்கள். ஜீன் எந்த இடத்தில் போய் ஒட்டும் என்பது நம் கையில் இல்லை.

3. கிறிஸ்பர் கத்தரி

இதில் வழிகாட்டி ஆர்.என்.ஏ. சரியான இடத்தைக் காட்ட, காஸ்9 புரதம் அங்கே வெட்டும். இதற்காக ஜெனிஃபர் டவுட்னா, இம்மானுவேல் சார்பென்டியே இருவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஜீன் திருத்தம் செய்த 2 நெல் ரகங்களை 2025 மே மாதம் இந்தியா அறிவித்தது.

நமக்கு என்ன?

பருத்தி சரியில்லை என்றால் அடுத்த வருஷமே வேறு விதை போடலாம். ரப்பர் அப்படியில்ல பாஸ்! பால் வெட்டவே சுமார் 7 வருஷம் ஆகும். அதுக்கப்புறமும் இருபது வருஷத்துக்கு மேல் அதே மரத்தோடுதான் வாழணும். அதனால், நாளைக்கு யாராவது 'ஜீன் மாத்தின கன்று' என்று வந்தால் பயப்படவும் வேண்டாம், உடனே நம்பவும் வேண்டாம். எந்த ஜீன், எந்த முறை, எத்தனை வருஷம் சோதிச்சாங்க? இந்த மூணையும் கேளுங்க!